ஓட்டு மேலே, தொகுதி கீழே

சட்டமன்ற உறுப்பினரின் வரலாறு என்று நம் ஊரில் எழுதப்படுவதெல்லாம் ஒரே அச்சு. பிறந்த ஊர், படித்த பள்ளி, கட்சியில் சேர்ந்த ஆண்டு, சிறை போன நாள், வென்ற தேர்தல், கிடைத்த இலாகா. கடைசியில் தலைவரோடு நின்று எடுத்த ஒரு படம். அவருக்கு ஓட்டுப் போட்ட ஜனங்கள் அந்த வரலாற்றில் எங்கே என்று தேடிப் பாருங்கள். 'பெருவாரியான வாக்கு வித்தியாசத்தில்' என்ற ஒரு தொடருக்குள் மொத்தமாக அடைபட்டுக் கிடப்பார்கள்.

இந்த அச்சை நம் இதழ்கள் ஓரளவு உடைத்திருக்கின்றன. இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா, என்.சிவராஜ் பெயர்களைப் புழுதியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தது இந்த மாதிரிப் பக்கங்கள்தான். தி.மு.க. அமைச்சரவையிலிருந்து 1974-ல் வெளியேறித் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் கழகம் கண்ட சத்தியவாணி முத்துவையும், தன் பெயரிலேயே ஒரு குழு அறிக்கையை 1969-ல் நாட்டுக்கு முன் வைத்த எல்.இளையபெருமாளையும் நாம் படித்திருக்கிறோம். படிக்க வேண்டியவைதான். நான் இங்கே எழுத வந்தது வேறு ஒரு விஷயம். ஒரு மலை. அந்த மலையின் ஓட்டை வாங்கிக்கொண்டு சட்டமன்றம் போகிறவர்களின் வரலாறு. அந்த மலைக்கென்று இல்லாமல் போன ஒரு நாற்காலியின் வரலாறு.

ஜவ்வாது மலையைத்தான் சொல்கிறேன்.

இந்த மலையில் பெரும்பான்மையாக வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவன் மலையாளி, அவ்வளவுதான். பேசுவது தமிழ். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி முழுக்க இவர்கள் பரவியிருக்கிறார்கள். பட்டியலில் பழங்குடி. ஆனால் அந்தப் பட்டியலும் மாவட்டம் பார்த்துத்தான் பேசும். தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி என்று பழைய மாவட்டங்களின் பெயரைச் சொல்லி அங்கே இருப்பவன் மட்டும் பழங்குடி என்கிறது. ஈரோட்டுப் பக்கம் பர்கூர் மலையில் பிறந்த மலையாளிக்கு அந்தச் சலுகை இல்லாமல் பல காலம் போராட்டம். ஒரே சனம், ஒரே சாமி. மாவட்டக் கோடு மாறினால் சாதிச் சான்றிதழ் மாறிவிடும்!

கோடு என்பது சின்ன விஷயமில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன்.

ஜவ்வாது மலை முழுவதும் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்துக்குள் இருந்தது. 1989 செப்டம்பர் 30-ல் அந்த மாவட்டத்தை இரண்டாக வெட்டினார்கள். ஒன்று திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். இன்னொன்று வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். மலையின் மேல் கோடு விழுந்தது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சம்புவராயருக்கு, புதூர்நாட்டுப் பக்கம் அம்பேத்கருக்கு. 1997-ல் தென்மாவட்டச் சாதிக் கலவரங்களைக் காரணம் காட்டி மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர் பெயர்களையெல்லாம் எடுத்தார்கள். அம்பேத்கர் பெயரும் போனது, சம்புவராயர் பெயரும் போனது. கோடு மட்டும் போகவில்லை. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது மலை மேல் இன்னொரு கோடு. இப்போது ஜமுனாமரத்தூர், கோவிலூர், நம்மியம்பட்டு எல்லாம் திருவண்ணாமலை. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு திருப்பத்தூர். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை வேலூர். மூன்று கலெக்டர், மூன்று எஸ்.பி. ஒரே மலை.

சட்டமன்றத் தொகுதிகளை மாவட்டத்துக்குள்ளேதான் வகுப்பார்கள். மாவட்டம் வெட்டினால் தொகுதியும் வெட்டுப்படும். ஜவ்வாது மலை ஒன்றியத்தின் 11 ஊராட்சிகள் கலசப்பாக்கம் தொகுதியின் ஓரத்தில் தொங்குகின்றன. வேலூர்ப் பக்கத்து மலை ஊர்கள் அணைக்கட்டுத் தொகுதியின் ஓரம். திருப்பத்தூர்ப் பக்கத்து மூன்று நாடுகளும் அப்படித்தான் கீழ்நாட்டு ஊர்களோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. எந்தத் தொகுதியிலும் மலை ஓரம்தான், எந்தத் தொகுதிக்கும் நடு இல்லை.

கலசப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2011-ல் அ.தி.மு.க.வின் அக்ரி எஸ்.எஸ்.கிருஷ்ணமூர்த்தி வென்றார், அமைச்சரும் ஆனார். 2016-ல் அதே கட்சியின் வி.பன்னீர்செல்வம். 2021-ல் தி.மு.க.வின் பெ.சு.தி.சரவணன். அந்த 2021-ல் கிருஷ்ணமூர்த்தி பக்கத்து போளூர் தொகுதியில் நின்று வென்று மறுபடி சட்டமன்றம் போனார். இவர்களில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தராசு பிடிக்க நான் வரவில்லை. இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்களும் வந்திருக்கிறார்கள், போயிருக்கிறார்கள். நான் கவனிப்பது வேறு. அரசியல்வாதியின் பயணம் ஒரு தொகுதியிலிருந்து இன்னொரு தொகுதிக்குத் தாராளமாக நகர்ந்துகொள்ள முடிகிறது. மலையால் நகர முடியாது. அது எந்தக் கோட்டுக்குள் விழுந்ததோ அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

ஜமுனாமரத்தூர் டீக்கடை ஒன்றில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கோடை விழா முடிந்த சமயம், தோரணம்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. எந்தக் கட்சி, எந்த ஆள் என்று அவர் பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொன்னார்:

"எம்மெல்லே வரமாட்டாருன்னு சொல்லக்கூடாது தம்பி. வருவாரு. ஓட்டுக்கு வருவாரு, கோடை விழாவுக்கு வருவாரு, எழவு வீட்டுக்குங்கூட வருவாரு. ஆனா ஒண்ணு. நாங்க கோச்சிக்கினா அவருக்கு இன்னா ஆவும்? ஒண்ணும் ஆவாது. கீழ்நாட்டுக்காரன் கோச்சிக்கினா ஆளு காலி. அவரு யாருக்குப் பயப்படுவாரு, நீயே சொல்லு."

எம்.ஏ. வகுப்பில் அரசியல் சொல்லித்தரவில்லை எனக்கு. தந்திருந்தால்கூட இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு உறுப்பினரின் அரசியல் வாழ்க்கையைத் தொடங்கி வைப்பது கட்சி. அதை முடித்து வைக்கும் பலம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அவர் பிரதிநிதி. மற்றவர்களுக்கு அவர் விருந்தாளி. ஜவ்வாது மலைக்கு எப்போதும் விருந்தாளிகள்தான் வாய்த்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி நமக்குப் புதுசா என்ன? 1932-ல் அம்பேத்கர் கேட்டதே இதுதானே. தாழ்த்தப்பட்டோருக்கு இடம் கொடுத்தால் போதாது, அந்த இடத்துக்கு யார் போவது என்று முடிவு செய்யும் ஓட்டு தாழ்த்தப்பட்டோர் கையில் இருக்க வேண்டும் என்றார். ஆகஸ்ட் மாதம் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு அதைக் கொடுத்தது. செப்டம்பர் 24-ல் பூனாவில் அது கைமாறியது. மாகாண சபைகளில் 148 இடம், அதில் சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை கூடியது, ஆனால் கடைசி ஓட்டு பொதுவானது. நான்கு பேரை முதலில் நம் வாக்காளர்கள் பொறுக்கித் தரலாம், நால்வரில் ஒருவரை எல்லாரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். பிறகு வந்த அரசியல் சட்டத்தில் அந்த முதல் படியும் இல்லாமல் போனது. தனித் தொகுதி என்றால் வேட்பாளர் மட்டும் தனி, வாக்காளர் பொது. இந்த வேதனையை நாம் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருக்கிறது.

பழங்குடிக்கு அன்று என்ன கிடைத்தது? 1935-ம் ஆண்டுச் சட்டப்படி சென்னை சட்டசபைக்கு 215 இடம். அதில் நமக்கு 30. பின்தங்கிய பகுதி, பழங்குடிகளுக்கு ஒன்றே ஒன்று. ஆந்திரம், மலபார், தென்கன்னடம், தமிழ் மாவட்டங்கள் எல்லாம் சேர்ந்த அத்தனை பெரிய மாகாணத்தின் மலைகளுக்கெல்லாம் ஒரே ஒரு நாற்காலி.

இங்கே கசப்பான ஒரு செய்தியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1945 மே மாதம் பம்பாயில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் மேடையில் அம்பேத்கர் ஒரு திட்டம் வைத்தார். எந்தச் சமூகத்துக்கு எத்தனை இடம் என்று துல்லியமாகக் கணக்குப் போட்ட திட்டம். அதில் பழங்குடிகளுக்கு இடமில்லை. அவர்களிடம் அரசியல் விழிப்பு இன்னும் வளரவில்லை, அவர்களுக்கு இடம் கொடுத்தால் பெரும்பான்மையோ சிறுபான்மையோ அவர்களைக் கருவியாக்கிக்கொள்ளும் என்று அவர் அப்போது கருதினார். அடுத்த ஆண்டு அரசியல் நிர்ணய சபையில், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஹாக்கி அணிக்குத் தலைவராக இருந்த ஜெய்பால் சிங் முண்டா எழுந்து பழங்குடிகளின் குரலாகப் பேசினார். அம்பேத்கர் வரைவுக் குழுத் தலைவராக இருந்து உருவான அரசியல் சட்டத்திலேயே பழங்குடிகளுக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் என்று 330, 332-ம் பிரிவுகள் வந்தன. பாபாசாகேப் 1945-ல் நின்ற இடத்திலேயே நின்றுவிடவில்லை. அவர் பெயரைச் சொல்கிற நாம் நகர்ந்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

ஒதுக்கீட்டின் ஆரம்ப ஆண்டுகளில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே தொகுதி, இரண்டு இடம், ஒன்று பொது, ஒன்று தனி. 1957 நாடாளுமன்றத் தேர்தலில் ஆந்திராவின் பார்வதிபுரம் அப்படி ஒரு தொகுதி. அங்கே ஒரு பழங்குடி வேட்பாளர் தனி இடத்தில் வென்றார். இன்னொரு பழங்குடி வேட்பாளரான திப்பல சூரி தோரா, ஓட்டு எண்ணிக்கையில் முந்தி வந்ததால் பொது இடத்திலும் வென்றுவிட்டார். தோற்றவர் யார் தெரியுமா? பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. பழங்குடி எப்படிப் பொது இடத்தில் உட்காரலாம் என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உட்காரலாம் என்று 1959-ல் தீர்ப்பு வந்தது. 1961-ல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். ஏன், எதற்கு என்று நிர்வாகக் காரணங்கள் ஆயிரம் சொல்லலாம். தேதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும்.

இப்போது தமிழ்நாட்டுக் கணக்குக்கு வருவோம். 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முன்பு 234-ல் பட்டியல் சாதியினருக்கு 42, பழங்குடிக்கு 3: ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம். மறுசீரமைப்புக்குப் பிறகு நமக்கு 44, அவர்களுக்கு 2. உப்பிலியபுரம் போய்விட்டது. 2001 கணக்கெடுப்பில் பழங்குடியினர் 6,51,321 பேர், மொத்தத்தில் 1.04 சதவீதம். 234-ல் அது இரண்டே கால் இடத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். கால் இடத்தில் யாரும் உட்கார முடியாதே. இரண்டு என்று முடித்துவிட்டார்கள். 2011-ல் எண்ணிக்கை 7,94,697 ஆனது. இடம் இரண்டுதான்.

அந்த இரண்டையும் எங்கே வைப்பது? பழங்குடியினரின் விகிதம் எந்தத் தொகுதியில் அதிகமோ அங்கே வை என்கிறது சட்டம். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் விகிதம் என்பது கோடு போடுகிறவன் கையில் இருக்கிறது. மலையை மூன்றாக அறுத்து மூன்று துண்டையும் கீழ்நாட்டு ஜனத்தொகைக்குள் கரைத்துவிட்டால் விகிதம் எங்கிருந்து வரும்? மாவட்டக் கணக்கைப் பாருங்கள். 2011-ல் பழங்குடியினர் சேலத்தில் ஏறக்குறைய 1 லட்சத்து 19 ஆயிரம், அங்கே ஏற்காடு இருக்கிறது. நாமக்கல்லில் 57 ஆயிரம், அங்கே சேந்தமங்கலம் இருக்கிறது. திருவண்ணாமலையில் 91 ஆயிரம், அன்றைய வேலூரில் 73 ஆயிரம். இரண்டும் சேர்ந்தால் சேலத்தைத் தாண்டுகிறது. இவர்கள் எல்லாரும் ஜவ்வாது மலைக்காரர்கள் இல்லை, இருளர்களும் பிறரும் இதில் உண்டு. இருந்தாலும் தமிழகத்துப் பழங்குடியினரில் ஐந்தில் ஒருவர் இந்த வட்டாரத்தில். தொகுதி பூஜ்யம்.

தனித் தொகுதி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. ஏற்காட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம். அங்கே சி.பெருமாள் 1989-லும் 1991-லும் வென்றார். இடையில் வேறு ஆட்கள், வேறு தேர்தல்கள். 2011-ல் மறுபடி வென்றார். 2013-ல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அந்த டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவி பி.சரோஜா அதே கட்சியின் சார்பில் நின்று 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். இருபத்துநாலு ஆண்டு நீண்ட ஒரு அரசியல் வாழ்க்கை. ஒரு மலைவாழ் குடும்பத்துக்குச் சட்டமன்றக் கதவு இப்படித் திறந்தது தனித் தொகுதி இருந்ததால்தான். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஏற்காடு தொகுதியிலும் மலை மட்டும் இல்லை, வாழப்பாடிப் பக்கத்துச் சமவெளி ஊர்களும் உண்டு. வேட்பாளரைக் கட்சித் தலைமை தேர்ந்தெடுக்கும், வெற்றியைச் சமவெளி தேர்ந்தெடுக்கும். பூனாவில் போட்ட முடிச்சு மலை வரைக்கும் ஏறி வந்திருக்கிறது.

அப்படியானால் உறுப்பினர் என்பவர் எதற்கு? 1992-ஐ நினைத்துக்கொள்கிறேன்.

சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. அங்கேயும் மலையாளிகள்தான். அந்த ஜூன் 20-ல் சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்தன. அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், 18 பெண்களை நாசம் செய்தார்கள். அதற்கு முந்தின ஆண்டுத் தேர்தலில் 234-ல் 225 இடத்தை ஆளும் கூட்டணி வாரிக்கொண்டிருந்தது. சட்டமன்றத்தில் நாற்காலிக்குக் குறைவில்லை. பழங்குடிக்கு மூன்று தனித் தொகுதி இருந்த காலம் அது. ஆனால் அந்த ஊருக்கு ஜூலையில் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் மு.அண்ணாமலை, மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். 1989-ல் அரூர் தனித் தொகுதியில் வென்றவர். 1992-ல் அவர் வெறும் முன்னாள் எம்.எல்.ஏ. மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்களோடு போய்ப் பார்த்தார். அந்தக் கட்சியின் மாநிலச் செயலாளர் அ.நல்லசிவன் முதலமைச்சருக்கு எழுதினார், நீதிமன்றம் போனார். அன்றைய அமைச்சர் அப்படி ஒன்றும் நடக்கவேயில்லை என்றார். அதிகாரத்தில் இருந்தவர் மறுத்ததை, அதிகாரம் போனவர்தான் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

1995-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டு. தர்மபுரித் தீர்ப்பு வந்த ஆண்டில் அரூரின் உறுப்பினர் பி.டில்லிபாபு. 2006-லும் 2011-லும் அங்கே வென்ற இவர் மலைவாழ் மக்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். இதை ஒரு கட்சிக்கு மாலை போடுவதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கட்சியோடு நமக்குச் சாதியைப் பற்றி வாக்குவாதம் உண்டு, அது வேறு கணக்கு. இங்கே பார்க்க வேண்டியது, அரூர் நம்முடைய தனித் தொகுதி. பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய ஒரு நாற்காலி, பழங்குடிக்காகப் பேசும் இடமாக ஆனது. அதற்குக் காரணம் சட்டம் இல்லை. கீழே ஒரு சங்கம் இருந்தது. உறுப்பினரை அது ஏற்றிவிடவும் செய்தது, பதவி போன பிறகும் வேலை வாங்கவும் செய்தது. டீக்கடைப் பெரியவர் சொன்ன அந்தப் பயம் அங்கே இருந்தது.

ஜவ்வாது மலைக்கும் சந்தனத்துக்கும் உள்ள உறவு தெரிந்ததுதான். திருப்பத்தூர் அரசுச் சந்தனக் கிடங்கு இந்த மலையை நம்பி நின்றது. மரம் அரசாங்கத்துக்கு, மணம் ஊருக்கெல்லாம், திருட்டுப் பட்டம் மட்டும் மலைக்காரனுக்கு. சந்தனம் தீர்ந்த பிறகு மரம் வெட்டத் தெரிந்த கைகளைத் தேடி ஏஜெண்டுகள் மலை ஏறினார்கள். ஆந்திராவில் வேலை இருக்கிறது என்றார்கள். செம்மரம் என்று சிலருக்குச் சொன்னார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் ஆண்டு முழுக்கச் சோறு போடாத வீட்டிலிருந்து ஆண்கள் பஸ் ஏறினார்கள்.

2015 ஏப்ரல் 7. திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் பெரும்பாலோர், ஜவ்வாது மலை ஊர்க்காரர்களும் அதில் உண்டு. கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். எங்களோடு வந்தவர்களை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள். அப்போதைய முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் ஆந்திராவுக்குக் கடிதம் எழுதினார், குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவித்தார். கட்சிகள் எல்லாம் கண்டித்தன. நான் கேட்பது செத்த பிறகு வந்த அறிக்கையைப் பற்றி அல்ல. அதற்கு முன்பே பத்து இருபது ஆண்டாக இந்த மலையிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், ஆந்திரச் சிறைகளில் கிடந்தார்கள். மலையின் நடுவில் தன் தொகுதியின் நடு இருக்கும் ஒரு உறுப்பினர் இருந்திருந்தால், இது அவருடைய முதல் பிரச்சினை ஆகியிருக்கும். தொகுதியின் ஓரத்தில் இருக்கிற ஜனத்தின் பிரச்சினை ஓரத்துப் பிரச்சினையாகவே போனது.

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. இந்த நாட்டின் பழங்குடிக்கு அவன் உழுத நிலத்தின் மேல் உரிமை உண்டு என்று முதல்முறையாகச் சொன்ன சட்டம். தமிழ்நாட்டில் 2008-ல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு பட்டா கொடுப்பதைக் கட்டிப்போட்டது. 2016-ல் அது விலகும் வரை காகிதம் காகிதமாகவே இருந்தது. பஞ்சாயத்துகளை மலைப் பகுதிகளுக்கு விரிவாக்கிய 1996-ம் ஆண்டுச் சட்டம் இங்கே செல்லாது, ஏனென்றால் தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒரு சென்ட் நிலம்கூட அறிவிக்கப்படவில்லை. இதையெல்லாம் சட்டமன்றத்தில் கிளறுவதற்கு 234-ல் இரண்டு பேர். அந்த இருவரும் கட்சிக் கொறடாவின் கண் அசைவுக்குள்.

அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் வழியிலேயே நின்றுவிட, தாய் அந்த உடலைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினாள். இதே ஜவ்வாதுத் தொடரில் காவலூரில்தான் நாட்டின் பெரிய தொலைநோக்கி ஒன்று நிற்கிறது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார், 2.3 மீட்டர் விட்டம், வைணு பாப்பு பெயர். நட்சத்திரம் பார்க்க இந்த மலை அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. அதற்கு ரோடும் கரண்டும் போனது. வானத்துக்கு ஓட்டு இல்லை, ஆனாலும் வேலை நடந்தது. மலைக்கு ஓட்டு இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு தலித் இதழில் நான் ஏன் எழுதுகிறேன்? நேராகவே சொல்லிவிடுகிறேன். மலையாளிகள் தங்களைக் கவுண்டர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். ஒரு மலை ஊரில் எனக்குத் தண்ணீர் தந்த முறையிலேயே என் சாதியை அவர்கள் விசாரித்து முடித்திருந்தார்கள் என்பது தெரிந்தது. என்னோடு வந்த தோழர் ஒருவர் கீழே இறங்கும்போது, "இவங்களுக்கா நாம பேசணும்?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவன் எல்லாம் ஒடுக்காதவன் என்று அர்த்தமில்லை. அந்தக் குவளையைப் பற்றியும் மலையில் பேசியாக வேண்டும், பேசுவோம். ஆனால் பிரதிநிதித்துவம் என்பது நல்ல பிள்ளைக்குக் கொடுக்கிற மிட்டாய் இல்லையே. நம்மிடமும் அதைத்தானே சொன்னார்கள்: முதலில் படி, முதலில் குளி, முதலில் ஒற்றுமையாய் இரு, பிறகு அதிகாரம் தருகிறோம் என்று. அந்த வார்த்தையை நாம் இன்னொருவனுக்குச் சொல்லக்கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக் கட்சிகள் கூடின. நாடாளுமன்றத் தொகுதிகளை ஜனத்தொகைப்படி மறுபடி வகுத்தால் தமிழ்நாட்டின் பங்கு குறைந்துவிடும், டெல்லியில் நம் குரல் கேட்காது என்றார்கள். உண்மைதான், நானும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் அந்த வாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மலை ஏறிப் பாருங்கள். எண்ணிக்கை குறைவு என்பதற்காக ஒரு ஜனத்தின் குரலைக் குறைக்கலாமா? எல்லைக் கோட்டை இஷ்டத்துக்கு இழுத்து ஒரு ஜனத்தை எப்போதும் சிறுபான்மையாகவே வைக்கலாமா? டெல்லியைப் பார்த்துத் தமிழ்நாடு கேட்பதைச் சென்னையைப் பார்த்து ஜவ்வாது மலை கேட்கிறது. டெல்லிக்குக் கேட்க வேண்டும் என்றால் சென்னைக்கும் கேட்க வேண்டும்.

மறுசீரமைப்புச் சட்டத்திலேயே இயற்கை அமைப்பைப் பார், போக்குவரத்தைப் பார், ஜனங்களின் வசதியைப் பார் என்று எழுதியிருக்கிறது. மலையைவிடப் பெரிய இயற்கை அமைப்பு எது? மலை முழுவதையும் சேர்த்தாலும் ஒரு தொகுதியின் அளவு வராது, அடிவார ஊர்களையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சேருங்கள். அப்போது மலை ஒரே தொகுதிக்குள் முழுசாக இருக்கும், கோபித்துக்கொண்டால் ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பும் பலத்தோடு இருக்கும். அதற்கு மாவட்டக் கோட்டையும் தொட வேண்டிவரும். 1989-லும் 2019-லும் ஆள்கிறவர்களின் வசதிக்குத் தொட்டார்கள், ஜனங்களுக்காக ஒருமுறை தொடட்டும்.

ஆட்கள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த வி.ஸ்ரீபதி, குழந்தை பெற்ற சில நாளிலேயே தேர்வு எழுதி 2024-ல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். 23 வயது. முதலமைச்சரே வாழ்த்தினார். தொண்ணூறுகளின் உள்ளாட்சிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்த மலையின் பெண்களும் ஆண்களும் ஊராட்சித் தலைவர்களாக, ஒன்றியத் தலைவர்களாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். 1945-ல் சொல்லப்பட்ட அந்த 'விழிப்பு இல்லை' என்ற காரணம் எப்போதோ காலாவதியாகிவிட்டது.

தனித் தொகுதி ஒதுக்கீட்டை 2020-ல் இன்னும் பத்து ஆண்டுக்கு, 2030 வரை நீட்டித்தார்கள். நீட்டிப்பு வரும்போதெல்லாம் நாம் நம் 44-ஐ எண்ணிப் பார்க்கிறோம். இனி எண்ணும்போது அந்த இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். உப்பிலியபுரத்தில் போன ஒன்றைக் கேளுங்கள். தொகுதி எல்லை பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம் எங்கே நடந்தாலும், கலசப்பாக்கத்திலோ திருப்பத்தூரிலோ அணைக்கட்டிலோ, ஜவ்வாது மலையின் வரைபடத்தை ஒரே தாளில் முழுசாக வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று துண்டாகப் பார்த்துப் பழகிய அதிகாரிகள் முதலில் அதை முழுசாகப் பார்க்கட்டும்.